அக்கா பெயர் வைக்கவிருந்த அயிரை

வேலை முடிந்து என் அக்கா பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்லத் தள்ளி உட்காருவார்கள். அவள்மேல் அப்படி ஒரு சாராய வாடை. ஒரு சொட்டுக் குடித்தவள் இல்லை. அருங்காட்சியகத்து மீன் அறையில், ஸ்பிரிட் ஊற்றிய பாட்டில்களில் செத்த மீன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எது என்ன இனம் என்று கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். "ஒரு சட்டைய மாத்திக்கிட்டுத்தான் வாயேன்" என்பேன். "அவங்க நகந்தா எனக்குத்தான் காத்தோட்டமா இருக்கு" என்பாள்.

நானும் மீனை வைத்துத்தான் பிழைக்கிறேன். என்னுடையவை உயிரோடு இருப்பவை. கீழே வளர்ப்பு மீன் கடை, மாடியில் நானும் அக்காவும். என் வீட்டுக்காரர் தவறிப் போன பிறகு கடையை மூடிவிட நினைத்தேன். மூடாதே என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். ஆனால் கடைக்குள் எட்டிப் பார்க்க மாட்டாள். ஓடுகிற மீனைக் கண்டால் அவளுக்கு எரிச்சல், எதையும் எண்ண முடியாதாம்.

எண்ணுவதுதான் அவளுக்கு மூச்சு. துடுப்பை ஊசி முனையால் விரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய முட்களை எண்ணுவாள். கண்ணுக்குக் கீழே முள் ஒளிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். துளி சந்தேகம் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து. இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எத்தனையோ பேர் அனுப்பிய மீன்களுக்கு இனம் சொன்னவள், தன் கையால் ஒரு மீனுக்குக்கூடப் புதுப் பெயர் வைத்ததில்லை. ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. வெளியே சொல்ல மாட்டாள், ஆனால் அந்த ஏக்கம் அவளுக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் ஆப்பிரிக்க அயிரை வந்து சேர்ந்தது. ஆசியாவில் ஓடைக்கு ஓடை கிடக்கிற குடும்பம், ஆப்பிரிக்காவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவளிடம் இரண்டு பாட்டில்கள் இருந்தன. இரண்டும் ஒரே ஆற்று மீன்கள்தான், பிடித்தவர்கள் வேறு. இரண்டிலும் விரல் நீளம், வாயைச் சுற்றி ஆறு மீசை. பழைய பாட்டிலில் இருந்தவற்றின் உடம்பெல்லாம் புள்ளி. அதற்கு யாரோ எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு வந்த பாட்டிலில் இருந்தவற்றுக்குப் புள்ளியே இல்லை, முதுகிலிருந்து வயிறு வரை பட்டை பட்டையாகக் கோடு. அக்கா மாசக்கணக்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்.

"கோடு போட்டது புது இனம்தான். கட்டுரை எழுதப் போறேன். அதுக்கு உன் பேரு."

"என் பேரா? எதுக்குக்கா?"

"எனக்கு வேற யாரு இருக்கா? அதுவும் உன் பள்ளிக்கூடத்துப் பேரு இல்ல. சிட்டுன்னு வைக்கப் போறேன்."

சிட்டு என்பது சின்ன வயதில் அவள் எனக்கு வைத்த செல்லப் பெயர். பிறகு என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் போன பிறகு நான் எல்லோருக்கும் கடைக்காரம்மாதான். ஏனோ அக்காவும் அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். அந்தப் பெயர் புத்தகத்தில் ஏறப் போகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தீனி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "உங்க பேர்ல மீனா, நல்லாக் கடிக்குமா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கு அன்றைக்குத் தள்ளுபடி கிடையாது.

கட்டுரை முடிகிற சமயத்தில் மொத்த வியாபாரி அனுப்பிய ஆப்பிரிக்க மீன் பையில், மற்ற மீன்களுக்கு நடுவே ஓர் அயிரை ஒட்டிக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் புள்ளி. பகலெல்லாம் கல்லுக்கு அடியில் கிடக்கும். விளக்குப் போட்டுத் தீனி தூவினால்தான் தலையை நீட்டும். அக்கா அன்றைக்குத்தான் என் கடைக்குள் முதன்முதலாக உட்கார்ந்தாள். "பழைய இனம்தான். உயிரோட எப்படி இருக்கும்னு ஒரு படம் வரைஞ்சு சேத்துட்டா, வித்தியாசம் பளிச்சுனு தெரியும்" என்றாள். வரைவதற்காகக் கல் இல்லாத சின்னத் தொட்டிக்கு மாற்றிக் கொடுத்தேன்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் வரைந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. காற்றுக் குழாயெல்லாம் நின்றுவிட்டது. கடையின் உள்பக்கம் இருட்டு, வாசல் வெளிச்சம் மட்டும் மங்கலாக எட்டியது. அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு காத்திருந்தாள். நான் ஒவ்வொரு தொட்டியாகக் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தேன். அப்படிச் செய்தால் மீன்களுக்குக் கொஞ்சம் காற்றுக் கிடைக்கும். அயிரைத் தொட்டிக்கு வந்து குனிந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

புள்ளியைக் காணோம். முதுகிலிருந்து வயிறு வரை பட்டை பட்டையாகக் கோடு.

எனக்குப் படிப்பு கிடையாது, ஆனால் அந்தக் கோட்டைப் பற்றி அத்தனை நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருக்கிறேன். நான் தொட்டிக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"கொஞ்சம் நகரு."

"எதுக்கு? இருட்டுல என்ன தெரியப் போகுது? மேல போய் டீ குடிக்கலாம் வா."

"நீ எதை மறைக்கிறே?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் என் தோளைப் பிடித்து நகர்த்தினாள். குனிந்தாள். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கண்ணாடிமேல் தொட்டுத் தொட்டுக் கோடுகளை எண்ணினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பழைய பாட்டில்காரர் நல்ல வெயில்ல பிடிச்சு அப்படியே ஸ்பிரிட்ல போட்டிருக்கார். ரெண்டாவது பாட்டில்காரர் இருட்டினதுக்கு அப்புறம் பிடிச்சிருக்கார். எந்த நிறத்துல செத்துதோ அந்த நிறத்துலயே நின்னு போச்சு. நான் வெயிலையும் இருட்டையும் ரெண்டு இனமாப் பிரிச்சு வெச்சிருக்கேன்."

கரண்ட் வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கரைந்து புள்ளி திரும்பியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த மீனைத் தூக்கி வெளியே வீசலாம் போல இருந்தது.

"யாருக்குத் தெரியும்? நீயும் நானும்தான் பாத்தோம். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

"நாளைக்குக் கறுப்புத் துணி ஒண்ணு குடு. மூடி மூடித் தொறந்து பாக்கணும்" என்றாள். நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த சில நாட்கள் அதையேதான் செய்தாள். ஒவ்வொரு முறையும் துணிக்குள் கோடு, வெளியே புள்ளி. எழுதிய கட்டுரையைக் கிழித்துப் போட்டாள். இரண்டும் ஒரே இனம், பழைய பெயரே போதும் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பினாள். அன்றைக்குச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லடி" என்றாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

வாடிக்கையாளர்கள் சும்மா விடுவார்களா? "உங்க மீனு என்னாச்சும்மா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்கள். "புள்ளி மீனுக்குப் பேரு வெச்சவனுக்கே போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தொட்டி துடைக்கப் போய்விடுவேன். அயிரையை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். ஏனோ கொடுக்க மனம் வரவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் கல்லாவில் குனிந்து சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது, ஸ்பிரிட் வாடை முதலில் வந்தது, பின்னால் அக்கா.

"என்ன சிட்டு, சாப்டாச்சா?"

எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன். "இன்னும் இல்லக்கா, நீ வரட்டும்னுதான்" என்று நிமிர்ந்தேன்.

அக்கா என் பக்கமே பார்க்கவில்லை. பையைக்கூடக் கீழே வைக்காமல் அயிரைத் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றாள். மூக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன்னைக் கேக்கல" என்றாள்.