தமிழ் தெரியாத மிஸ்

பி.எட். படித்த நாட்களில், நல்ல ஆங்கில வகுப்பு எது என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்கூட வரக்கூடாது என்பது என் கட்சி. புரியாததைத் தமிழில் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது என் தோழியின் கட்சி. அவள் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருபவள். அன்றைய வாதத்தை வண்டியிலேயே தயார் செய்துவிடுவாள்.

கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். எனக்கு ஏழாம் வகுப்பு. முதல் நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசினேன். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரத்துப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"பாவம்டி, மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது போல."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மறுக்கவில்லை.

அதன்பிறகு என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வகுப்பே எடுத்துக்கொண்டது. தண்ணீர்க் குழாய் எங்கே, எந்தப் படிக்கட்டு வழுக்கும் என்று கையைக் காலை ஆட்டி, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கோத்துச் சொன்னார்கள். அம்மாக்கள் பலர் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள்; அங்கிருந்தும் சொற்கள் வந்தன. கணக்கு மிஸ்ஸைப் பற்றி என்னை எச்சரித்தவள், "ஆல் ஹோம்வொர்க் செக்கிங் மிஸ். ஸ்மால் மிஸ்டேக், ரிஜெக்ட்" என்றாள். அதை முழு வாக்கியமாக்கி நான் சொல்ல, அவளும் சொல்லிப் பார்த்தாள்.

தோழிக்கு இது பிடிக்கவில்லை. பாடமில்லை, நாடகம் என்றாள்.

ஒரு மாலை பஸ் ஸ்டாண்டில், "இது அழுகியிருக்கு, மாத்திக் குடுங்கண்ணா" என்று கொய்யாக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஜன்னலோரத்துப் பெண், அம்மாவோடு, வாயைப் பிளந்து நிற்கிறாள்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததுமே, செய்தி பரவிவிட்டது தெரிந்தது. என் வகுப்பைப் பார்வையிட அன்று தோழி வேறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல்முறையாகத் தமிழில் பேசினேன். எனக்குத் தமிழ் நன்றாகவே வரும், இனி எப்படி நடத்தலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு ஜன்னலோரத்துப் பெண் எழுந்தாள்.

"தமிழ் தெரியாத மாரியே இருங்க மிஸ். அப்பதான் எங்களுக்கு இங்கிலீஷ் வருது. சுத்தமா புரியலன்னா கேக்கறோம், அப்ப மட்டும் தமிழ்ல சொல்லுங்க."

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பயிற்சி முடியும்வரை அப்படியேதான் நடத்தினேன். தன் வகுப்பிலும் இதைச் செய்து பார்க்க அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் வழியில்லை. முதல் நாளே அந்தப் பிள்ளைகளை அவள் நல்ல தமிழில் திட்டியிருந்தாள்.