கொண்டை சோதனை

என்னை சூப்பர்வைசர் ஆக்கியது என் கெட்டிக்காரத்தனத்துக்காக என்று சில நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் வேறு. தறிக்கு நூல் தார் சுற்றும் கொட்டகையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்கள் மடியையும் கொண்டையையும் ஓர் ஆண் தொட்டுப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டது. அந்தக் கைக்கு வைத்த பெயர்தான் சூப்பர்வைசர்.

கொட்டகை ஒரு பட்டுக்கடையின் பின்கட்டில் இருந்தது. முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்து கல்யாண வீட்டார் புடவை பார்ப்பார்கள். பின்னால் நாங்கள் ராட்டை சுற்றி, பட்டு இழையையும் ஜரிகையையும் நெசவு நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் ஏற்றிக் கொடுப்போம். நாங்கள் போய்வர சந்துப் பக்கம் தனிக் கதவு. என்னை அங்கே சேர்த்துவிட்டவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. பக்கத்துப் பக்கத்து ராட்டையில் உட்கார்ந்து, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டு வருஷக்கணக்காக வேலை செய்தோம்.

மேனேஜர்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தான். அவனை ‘அவர்’ என்று எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை.

“இனிமே நீ உக்காரக் கூடாதும்மா. அவளுங்களோட சாப்பிடாத. சிரிச்சின்னா தலைமேல ஏறிக்குவாளுங்க. அண்ணி, அக்கான்னு எவளையும் கூப்புடாத.”

இவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த நிர்வாகம். சந்துக் கதவின் சாவியை என்னிடம் கொடுத்து, பெரிய பதவி கொடுத்தவன் மாதிரி பார்த்தான். சகுனம் பார்ப்பதில் மட்டும் ஆள் மகா கெட்டி. முன்னால் யாராவது முகூர்த்தப் புடவை எடுத்தால் பின்னால் நாங்கள் தும்மக்கூடக் கூடாது.

தை மாதத்தில் ஜரிகை குறைகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. முன்கடையிலும் ஆட்கள் இருந்தார்கள், கணக்கெழுதுகிறவர் இருந்தார், அவனே இருந்தான். ஆனால் சந்தேகம் நேராகப் பின்கட்டுக்குத்தான் வந்தது.

“கொண்டையில வெச்சிக்கினு போறாளுங்க. தெனமும் வேலை வுட்டதும் முடியை அவுத்து உதறிப் பாரு. பாக்காம ஒருத்தியை அனுப்பின, நீயும் கூடவே போயிடு.”

வீட்டில் கணவருக்கு மார்ச்சளி முற்றித் தறி சும்மா நின்றது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. நாத்தனாரைப் பகைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குத் துணை வரக்கூட ஆளில்லை. இரண்டில் எதை விடுவது? பசிக்குத்தான் பயந்தேன். முதல் நாள் வரிசையில் முதலாக வந்து நின்றவர் நாத்தனார். ஊசிகளை உருவி, கொண்டையை அவிழ்த்து, விரல் விட்டுத் தடவினேன். எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

“கெடச்சுதா மேடம்?” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். என் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார். கணவரைப் பார்க்க வந்தாலும் வாசலில் நின்று, என்னைத் தாண்டி உள்ளே பார்த்துப் பேசிவிட்டுப் போவார். கொட்டகையில் நான் தண்ணீர் குடித்த டம்ளரை யாரும் தொடுவதில்லை. எனக்கும் ஆத்திரம் மூண்டது. நானா சட்டம் போட்டேன்? அவனை ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லாமல் என்மேல் பாய்கிறார்களே என்று, அடுத்து வந்த நாட்களில் கொண்டைகளை வெடுக்கென்றே அவிழ்த்தேன். யார் தலையிலும் ஒரு பொட்டு ஜரிகை அகப்படவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். முன்கடையில் வெளியூர்க் குடும்பம் ஒன்று கூறைப்புடவை பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் நான் கடைசிக் கொண்டையையும் உதறி முடித்தேன். வழக்கமாக உடனே அள்ளி முடிந்துகொண்டு சந்து வழியாகப் போய்விடுவார்கள். அன்று ஒருவரும் முடியவில்லை.

“கட்டிக்குங்க அண்ணி, வெளக்கு வெச்சாச்சு” என்றேன். மேனேஜர் தடுத்த வார்த்தை, வாய் தவறி வந்துவிட்டது.

நாத்தனார் அசையவில்லை. “நீதான அவுத்த? நாங்க ஏன் கட்டணும்? இப்படியேதான் போவோம். ஊரே பாக்கட்டும்.”

தலைவிரி கோலமாகப் பெண்கள் தெருவில் நடப்பது சாவு வீட்டில்தான். சந்தில் யார் பார்க்கப்போகிறார்கள்? நாயும் பார்க்காது. அதற்குள் முன்னாலிருந்து அவன் குரல் வந்தது: “இன்னும் என்னாம்மா பண்ணிக்கினு இருக்கிற? அனுப்பி வுடு!”

சந்துக் கதவு பூட்டியிருந்தது. சாவி என் மடியில் இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. நேராகப் போய்க் கடைக்குள் போகும் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

நாத்தனார் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நடந்தார். அவர் பின்னால் மற்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக, விரித்த தலையோடு, அரக்குப் பட்டு விரித்துக் கிடந்த ஜமக்காளத்தின் ஓரமாகப் போனார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா கையிலிருந்த புடவையைச் சுட்டதுபோலக் கீழே போட்டார். “ஐயோ, என் பொண்ணுக்குக் கூறை எடுக்கிற நேரத்துல!” என்று எழுந்தார். குடும்பமே செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறியது.

மேனேஜர் என்மேல் பாய்ந்தான். “பின்கதவு என்னாச்சு?”

“பூட்டியிருக்குது.”

“சாவி எங்க?”

“என் மடியிலதான் இருக்குது. சோதனை பண்ணி எடுத்துக்குங்க.”

கடை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையை அவனுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எனக்குக் குளிர்ந்தது. வயிறு குளிர்ந்தது என்றே சொல்வேன்.

சோதனை அன்றோடு நின்றது. என் பதவியும் நின்றது. சாவியை வாங்கிக்கொண்டு மறுபடி ராட்டைக்கு அனுப்பினான். தை மாதத்து வேலை நெருக்கடியில் என்னைத் துரத்த அவனுக்கு வசதிப்படவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் தன் ராட்டையை விட்டு எழுந்து வந்து, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கொண்டையைத் தானே அவிழ்த்துவிட்டார்.

“நீ அவுத்தது. நீயே கட்டு.”

கட்டினேன். ஆத்திரம் எனக்கும் தீரவில்லை. இழுத்து இறுக்கித்தான் முடிந்தேன். வலித்திருக்கும். அவர் தலையை நகர்த்தவில்லை.