நூற்று முப்பத்திரண்டாம் அட்டை

எனக்கு நன்மையைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு மனிதரை, தன் புத்தியையே சந்தேகிக்கும்படி செய்துவிட்டேன். ஒரேயொரு பொய்யால்! அதை இன்றுவரை நான் திருத்தவில்லை.

நீங்கள் என்னைத் திட்டலாம். அதற்கு முதல் அவர் யாரென்று கேளுங்கள்...

றேமோன் என் மேல்வீட்டுக்காரர். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் நாங்கள் இருவரும் பெட்டி அடுக்கினோம். மொன்றியலுக்கு வந்த முதல் மாரியில், கொட்டும் பனியில் பஸ்ஸுக்கு நின்று விறைத்துப்போன என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அதன்பிறகு ஆறு மாரி! ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பாரா? இல்லை.

என் பிரெஞ்சும் அவர் தந்ததுதான். சிறுவயதில் சுவிங்கம் பைக்கற்றுகளோடு வந்த பேஸ்பால் அட்டைகளை அவர் ஒரு தொகுதியாகச் சேர்த்துவந்தார். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவரைப் பற்றி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நாலு வரி. சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொன்றாக என்னை வாசிக்க வைப்பார். இந்த நாட்டில் நான் பிழையில்லாமல் சொன்ன முதல் பிரெஞ்சு வசனம், "இவர் இடக்கையால் எறிவார்" என்பது! யாரிடம் போய் அதைச் சொல்வது? ஆனாலும் வாய் திறந்துவிட்டது. பின்னாளில் எனக்கு மேசையிலிருந்து செய்யும் கந்தோர் வேலை கிடைத்தது அந்த வாயால்தான்.

தொகுதியில் ஒன்றே ஒன்று குறைந்தது. நூற்று முப்பத்திரண்டாம் இலக்கம். அதில் இருந்தவன் பெரிய ஆட்டக்காரனும் இல்லை. "இந்த ஒண்டுக்காக இவ்வளவு பாடுபட வேணுமோ?" என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவர் ஓய்வுபெற்ற பிறகு, ஒரு நவராத்திரி வாரத்தில் அது கிடைத்தது. அட்டைகளை அடுக்கிய அல்பத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். அவருடைய பிரெஞ்சு எனக்கு எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்கும்.

"இலக்கமெல்லாம் ஒழுங்கா இருக்கோ எண்டு ரெண்டு நாள் வச்சிருந்து பார், கலா. என்ர கண்ணைவிட உன்ர கண்ணை நம்புறன்."

சரஸ்வதி பூசையன்று மகளின் பாடப்புத்தகங்களுக்கு மேல் அந்த அல்பத்தையும் வைத்தேன். ஏன் வைக்கக்கூடாது? எனக்கு எழுத்தறிவித்த புத்தகமல்லவா! பிளாஸ்டிக் உறைக்குப் பொட்டு வைப்பது சாமியை ஏய்ப்பதுபோல் பட்டது. அந்தப் புது அட்டையை வெளியே எடுத்து, பன்னீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"உமக்கென்ன விசரே? தொப்பி போட்ட வெள்ளைக்காரனுக்கும் பொட்டோ?" என்று சிரித்தார் என் கணவர். நானும் சிரித்தேன்.

பூசை முடிந்து துடைத்தேன்... ஐயோ! ஈரம் ஊறிவிட்டிருந்தது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு அவன் முகமெல்லாம் பரவியது. அட்டையை மேசை லாச்சிக்குள் ஒளித்துவிட்டு, அல்பத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

"நூற்று முப்பத்திரண்டு எங்க?"

"அந்த இடம் வெறுமையாத்தானே இருந்தது. வைக்க மறந்திட்டீங்கள் போல."

எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய்! அவர் கோபித்திருக்கவே மாட்டார், எனக்குத் தெரியும். பிறகேன் சொன்னேன்? அவர் கண்ணில் நான் ஒருபோதும் குறைந்துவிடக்கூடாது என்ற பேராசையா? அந்த வெறும் உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "ஓம்... மறந்துதான் போனன்" என்றார்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் துண்டுக் கடதாசியில் எழுதத் தொடங்கினார். மருந்துக் குளிசை போட்டாயிற்று. அடுப்பை அணைத்தாயிற்று. அடுத்த மாரிக்கு முன் காரை விற்றார். "வழி மறந்து எங்கேயாவது மோதினால்?" என்றார். என்னை ஆறு மாரி ஏற்றிச் சென்ற கார்!

இப்போது சனிக்கிழமைகளில் அவரை நான் ஏற்றிச் செல்கிறேன். வில்லரேயிலும் கர்க்லாண்டிலும் பழைய சாமான் விற்கும் இடமெல்லாம் இறங்கி, அந்த இலக்கத்தைத் தேடுகிறோம். அவருக்கு இன்று எதைச் செய்தாலும் நன்றியோடுதான் செய்கிறேன், அது பொய்யில்லை. ஆனால் நன்றி எது, குற்றம் எது என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

சென்ற சனிக்கிழமையும் வெறுங்கையோடு திரும்பினோம். காரில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"றேமோன், ஒரு அட்டைக்காக இன்னும் அலைய வேணுமோ? தொகுதி நிறைஞ்சால் என்ன, நிறையாட்டி என்ன?"

அவர் சீற் பெல்ற்றை மாட்டிக்கொண்டார்.

"அட்டை கிடைக்காட்டியும் பரவாயில்லை, கலா. அண்டைக்கு அதை எங்க வச்சனான் எண்டு ஒருக்கா ஞாபகம் வந்தாப் போதும்... அது போதும் எனக்கு."

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் அவர் என் கையைத் தட்டி, "மெர்சி, கலா. நீ இல்லாட்டி நான் என்ன செய்வன்?" என்று நன்றி சொன்னார்.

நான் காரை எடுத்தேன்.