சாஸ் பாட்டில் மேல ஒட்டுன அம்பு

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காங்கேயம் பஸ் ஸ்டாண்டுல ஏறுனேனுங்க. டவுன் பஸ்ஸு, பொம்பளைகளுக்கு டிக்கெட்டு ஓசி. திருப்பூருக்கு இருவத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல இருக்கும்னாரு கண்டக்டர். சன்னலோரமா எடம் கெடச்சுது. பஸ்ல போறதுன்னா எனக்கு நெம்பப் புடிக்குமுங்க. கொப்பரை காயற வாசம் ஊரு தாண்டற வரைக்கும் கூடவே வரும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நான் பேசப் பேச மேரி போன்ல ஏத்திக்கிறா. மேரி சாத்தூர்ப் பக்கத்துப் புள்ள. வேலம்பாளையத்துல வாடகைக்கு இருக்கறா. எங்கூட ஒரே பனியன் கம்பெனியில செக்கிங்.

நான் போனது அவிநாசிக்கு, கண்ணு ஆப்பரேசனுக்கு. பொர முத்திப்போச்சு. வெளுத்த துணியில எண்ணெக் கறை இருந்தாலும் தெரியாம நல்ல பீஸுன்னு தள்ளி உட்டுப்போட்டேன். ஒரு லாட்டே திரும்பி வந்துருச்சு. காண்ட்ராக்டரு நல்ல மனுசந்தான், வையல. ஆனா இந்த மாசத்துக்குள்ள கண்ணச் சரிபண்ணிட்டு வராட்டி டேபிள வேற ஆளுக்குக் குடுத்துருவேனுங்கன்னு சொல்லிப்போட்டாரு. ஆஸ்பத்திரியிலயோ சக்கர எரநூறுக்குள்ள இருந்தாத்தான் கண்ணுல கை வெப்பாங்க. ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. மொதத் தடவ லேசா இருக்கட்டும்னு கொழஞ்ச ரசஞ்சோறு மூணு வட்டலு தின்னுட்டுப் போனேன், எரநூத்தி நாப்பது. ரெண்டாந் தடவ ஆறு இட்டிலி, கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டி ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன். அது எரநூத்தி அறுவது.

அதனால இந்தத் தடவ மருமக ரெண்டே சப்பாத்தி, பீன்ஸ் பொரியலு கட்டிக் குடுத்தா. படியூர் தாண்டுனதும் பக்கத்துல ஒரு அம்மா வந்து உக்காந்தாங்க. அவங்க மகனுக்குப் பொண்ணு பாத்த கதையச் சொன்னாங்க பாருங்க, அத்தன சுவாரசியம். பொண்ணு ஊட்டுல காப்பி குடுத்தது பொண்ணாம், ஆனா காப்பி போட்டது மாப்பிள்ளையோட அத்தையாம். கேட்டுக்கிட்டே அஞ்சே முக்காலுக்குச் சக்கர மாத்தரையப் போட்டுக்கிட்டேன். ஆறு மணிக்கு எறங்குனதும் சாப்புட்டுக்கலாம்னு கணக்கு.

ஆறு பத்துக்குத் திருப்பூரு. கதை முடியாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டே எறங்குனோம். பஸ்ஸும் போயிருச்சு. என்னைய அவிநாசி பஸ்ஸுல ஏத்தி உட ஸ்டாண்டுல வந்து நின்ன மேரி எங்கையப் பாத்தா.

“எக்கா, சாப்பாட்டுப் பைய எங்க?”

சீட்டுக்கு அடியில.

பொறகால ஓடிப் பாத்தா பஸ்ஸு தெரியல. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. மாத்தரை போட்டு அர மணி நேரத்துல சாப்புடாட்டி கை நடுங்கும், கண்ணக் கட்டும். பட்டினி கெடக்க முடியாது. தப்பாத் தின்னா காலையில ஊருக்குத் திருப்பி உட்டுருவாங்க. மேரி இட்டிலிக் கடைக்குக் கூப்புட்டா. இட்டிலின்னதும் எனக்கு எரநூத்தி அறுவதுதான் கண்ணு முன்னால நின்னுச்சு, மாட்டேன்னுட்டேன். புரோட்டா மைதா. அடுத்தது காளான் வண்டி. சனிக்கெழம சம்பளம் வாங்குனதும் எத்தன வருசம் அங்க நின்னு தின்னுருக்கறேன். அதுல காளானவிட முட்டக்கோசும் மைதாவும் சோளமாவும்தான் எச்சா இருக்கும், எண்ணெயில பொரிச்சு எடுத்தது. வாசத்துக்கு நாக்கு ஊறுச்சு. மேரி எந்தோளப் புடிச்சு அக்கட்டால தள்ளிட்டுப் போனா.

கடைசியா இருந்தது ஃப்ரைட் ரைஸ் வண்டி. முட்ட ரைஸு எம்பது ரூவான்னு மேரி போர்டப் படிச்சா. போட்டுக்கிட்டு இருந்தவருக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒடிசாக்காரரு. அவருக்குத் தமிழ் பாதி வருது, எங்களுக்கு இந்தி சுத்தமா வராது. சாதம் கம்மி, சாஸ் வேண்டாம்னு மேரி ரெண்டு தடவ சொன்னா. அவருக்கு என்ன வெளங்குச்சோ என்னவோ, தலையாட்டிட்டு வாணலியில சோத்த ரெண்டு கரண்டி கொட்டப் போறாரு, இன்னொரு கையில சாஸ் பாட்டில். எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுங்க.

செக்கிங்ல டேமேஜ் எங்க இருக்குதோ அங்க செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒரு பட்டை எப்பவும் எம் பர்சுல கெடக்கும். படக்குன்னு எடுத்து ஒண்ண சாஸ் பாட்டில் மேல ஒட்டுனேன். இன்னொண்ணு அஜினமோட்டோ டப்பா மேல. இன்னொண்ணு சோத்துக் குண்டா மேல. நூடுல்ஸ் கூடை மேலயும் ஒண்ணு.

அந்த மனுசன் கரண்டிய அப்படியே நிறுத்திப்போட்டாரு. பாட்டிலப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. மூஞ்சி பூராச் சிரிப்பு. அவரு ரெண்டு வருசம் பனியன் கம்பெனி அயர்னிங்ல இருந்தவராமுங்க.

“அம்மா, சாஸ் டேமேஜ், ரைஸ் டேமேஜ். அப்ப ஷிப்மெண்ட்ல என்ன போகும்?”

நான் முட்டையையும், அரிஞ்சு வெச்ச முட்டக்கோசு, கேரட்டு, பீன்ஸையும் காட்டுனேன். எண்ணெ ஊத்தயில எங்கைய நடுவுல நீட்டுனேன். அவரு பாதிய டப்பாவுலயே திருப்பி ஊத்திட்டாரு. சாஸ் பட்ட கரண்டியக் கழுவச் சொல்லிச் சைகை காட்டுனேன், அதையும் கழுவுனாரு. ரெண்டு முட்டைய ஒடச்சு ஊத்தி, காய அள்ளிப் போட்டு, மொளகுத்தூளு தூவி, ஒரு கரண்டி, ஒரே கரண்டி சோத்தக் காட்டி என்னையக் கேட்டாரு. சரின்னேன்.

ஒரு வாய் தட்டுல வெச்சு நீட்டுனாரு. “சாம்பிள். ஓகேவா அம்மா?”

“அப்ரூவல் சாமி, போடு”ன்னேன்.

சோறு கம்மின்னு அறுவது ரூவாதான் வாங்குனாரு. மேரியும் அதையே கேட்டு வாங்கித் தின்னா. தின்னுக்கிட்டே, எக்கா நீங்க இனி எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு பட்டை ஸ்டிக்கர் காலியாகும்னு கிண்டலு. ஜூஸு வாங்கலாமான்னா. தண்ணி போதும்னுட்டேன். கொஞ்ச நேரத்துல கை நடுக்கம் நின்னுச்சு. ஏழு மணிக்கு அவிநாசி பஸ்ஸு, ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில படுத்துட்டேன்.

காலையில ஆறு மணிக்கு வரிசையில உக்கார வெச்சாங்க. பதினோரு பேரு. எனக்கு முன்னால வெள்ளைத் துண்டு போட்ட ஒரு தோட்டத்துக்காரரு, கையில மூணடுக்குத் தூக்குப்போசி. அவரு வெரல்ல குத்துனாங்க. எரநூத்தி எழுவது. நர்ஸம்மா கேட்டுது, வெளியில எதாச்சும் சாப்பிட்டீங்களாங்கய்யான்னு.

“இல்லீங்க கண்ணு. ஊட்டுச் சோறுதானுங்க. கடைப் பக்கமே நான் போனதில்லீங்க.”

ஊட்டுச் சோறு தின்ன மனுசனுக்கே இப்படின்னா, ரோட்டோர வண்டியில தின்ன எனக்கு என்ன வரும்? கைய நீட்டுனேன், பாக்க மாட்டாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். மெசினு கீச்சுன்னுச்சு. எழுத்துத் தெரியாட்டியும் நம்பரு எனக்குத் தெரியுமுங்க, பனியன் சைசு பாத்துப் பழக்கம். திரும்பி ஒத்தக் கண்ணால நானே பாத்தேன். ஒண்ணு, ஆறு, எட்டு.

நர்ஸம்மா கேட்டுது, ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு. ஃப்ரைட் ரைஸ் கடையிலன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு, சொல்லிட்டேன். தோட்டத்துக்காரரு துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னு கேட்டாரு, ஏனுங்கம்மணி, நெசமாவான்னு. ஊடு, கடைங்கறது இல்லீங்க, சோத்தக் கொறச்சுக் காய எச்சாப் போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்னு சொன்னேன். சரிங்கன்னுட்டு வாசப்பக்கம் நடந்தாரு. ஊருக்குத் திரும்ப ஏழே கால் பஸ்ஸப் புடிக்கோணும் அவரு. ரெண்டு தடவ அதே பஸ்ஸுல ஏறி, யாரு கூடவும் பேசாம ஊரு போய்ச் சேந்தவ நான். சன்னல் வழியா அது கெளம்பறது மசமசன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள உள்ளயிருந்து ஆப்பரேசனுக்கு எம்பேரக் கூப்புட்டாங்க.