வளையல் போட்ட கப்பல்

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். கார் ஏற்றிப் போகும் கப்பலில் என் கணவருக்கு இன்ஜின் வேலை. இருங்காட்டுக்கோட்டை கார் ஃபேக்டரியில் புதுக் காரின் பெயிண்ட்டைத் தடவிப் பார்த்து அனுப்புவது என் வேலை. அவர் கிளம்புவதற்குள் வளைகாப்பை முடித்துவிட்டார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல். மறுநாளே வந்தது வம்பு. கீறல் விழும் என்று லைனில் வளையல் போட விடமாட்டார்கள். பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

அவரே ஒரு வழி சொன்னார்.

"குடு, கப்பலுக்கு மாட்டிடறேன். அவளும் பொம்பளதான்."

"கப்பல் எப்படிங்க பொம்பள ஆவும்?"

"கப்பல்ல எல்லாரும் அப்டிதான் பேசிக்கிறாங்க. அம்மா மாதிரி எங்கள வயித்துல வச்சிக்கினு போறால்ல? கேப்டன் வேற ஒண்ணு சொல்வாரு. பெயிண்ட் செலவு ஜாஸ்தியாம், அதான் பொம்பளையாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு இன்னா பவுடர் வாங்கிக் குடுத்துக் கிழிச்சீங்க?"

சிரித்துக்கொண்டே வளையலைப் பையில் போட்டுக்கொண்டார். பிரசவத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேபினில் வளையல் தொங்குவதைப் படம் எடுத்து அனுப்பினார். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே வயிறு எரிந்தது. என் வளையலைப் போட்டுக்கொண்டு என் புருஷனோடு ஊர் சுற்றுகிறாளே, இவள் எனக்குச் சக்களத்தியா? அவரைப் பத்திரமாகச் சுமக்கிறாளே, அப்படியென்றால் மாமியாரா? ஐயோ, அது இன்னும் மோசம். லைனில் காரைத் தடவும்போதெல்லாம் இதே குழப்பம்தான்.

ஒன்பதாம் மாதம் அவரிடமிருந்து போன் வருவது நின்றது. கடல் மோசமாக இருக்கிறது, கப்பல் வரத் தாமதமாகும் என்று மட்டும் அவர் கம்பெனியில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளோடுதான் பேச்சு. காலையில் "மூதேவி" என்று திட்டுவேன். சாயங்காலம் "தாயே, நீதான் காப்பாத்தணும்" என்று கும்பிடுவேன். அவள் எனக்கு யார் என்று கடைசிவரை விளங்கவே இல்லை.

வலி எடுத்தபோதும் அவர் வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"அடியே, என் வயித்துல இருந்தத நான் நல்லபடியா பெத்துட்டேன். உன் வயித்துல இருக்கறவர நீ எப்போடி எறக்கி வுடுவ?"