நடுவில் காணாமல் போன ஏடு

பட்டறையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பேஸ் கிட்டார் செய்கிற பட்டறை. உடம்புக்குச் சாதாரண மரம்தான். முகப்பில் ஒட்டும் 'ஏடு' என்கிற மெல்லிய பலகைக்கு மட்டும் வெளிநாட்டு மரம். அதைத் தேர்ந்தெடுப்பது பதினெட்டு வருடமாக அவள் வேலை. சுரண்டுவாள், ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள், காதருகே பிடித்துத் தட்டுவாள்.

"கரண்ட் கிட்டார்தானே, தட்டி என்னத்தக் கேக்குற?" என்று மெருகு போடுகிறவர் சீண்டுவார்.

"உள்ள விரிசல் இருந்தா தொண்டை கட்டின மாதிரி பேசும்" என்பாள்.

மரம் கொண்டுவருகிறவர்களில் ஒருவர் அவள் அக்காவின் கணவர். சொந்தம் என்பதாலேயே அவர் சரக்கை இரண்டு தடவை பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஸிரிகோட்டே என்ற வெளிநாட்டு மரத்தில் ஒரு ஜோடி ஏடு கொண்டுவந்தார். கரும்பழுப்பில் சிலந்திவலை போலக் கோடுகள். ஒரே கட்டையில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம் போல விரித்தால் இடதும் வலதும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும்.

"பாரு, கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார்.

நிறம் உண்மை, கனம் உண்மை. ஆனாலும் அவளுக்கு எங்கோ இடித்தது. ரம்பம் தின்கிற மரத்தால் கோடுகள் ஓர் அரிசி அளவு விலகும். இங்கே அரை விரல் விலகியிருந்தன.

"மாமா, நடுவுல ஒரு ஏடு இருந்திருக்கே. எங்க?"

"அதும்மா... உடைஞ்சுபோச்சு."

"உடைஞ்சதக் காட்டுங்க."

"அடுப்புல போட்டுட்டேன்."

அவர் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. நடு ஏட்டைப் போட்டிப் பட்டறைக்குக் கைமாற்றியிருப்பார் என்று அவள் முடிவுகட்டி, அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்டி. வியாழக்கிழமையானா மத்தியானம் மரக்கடைய மூடிட்டு எங்கயோ போறாரு. விரல் நுனியெல்லாம் காய்ச்சுக் கெடக்கு. மரம் தூக்கினா உள்ளங்கைதானே காய்க்கும்? யாரோ இருக்காங்க."

வியாழக்கிழமை இருவரும் பின்தொடர்ந்தார்கள். அவர் ஒரு சலவைக் கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து தும் தும் என்று சத்தம். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்தபடி, இரவல் பேஸ் கிட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு வழுக்கைத்தலை வாத்தியார். மேஜையில் அரைகுறையாகச் செதுக்கிய ஒரு கிட்டார் உடம்பு; அதன்மேல் அந்த நடு ஏடு.

"இதச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று அக்கா பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

"அம்பத்தாறு வயசுல கிட்டார் கத்துக்கறேன்னா நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்க."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. ஏட்டை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்த் திருப்பிப் பார்த்தாள்.

"பசை போடலியே?"

"இல்ல."

"அப்ப நான் எடுத்துக்கறேன், பக்கத்து ஏட்டோட சரியா ஜோடி சேரும். பட்டறைல இருக்கற ரெண்டுல ஒண்ணத் தரேன், அத ஒட்டிக்கோங்க."

"நடு ஏடுதான்மா அழகு..."

"தெரியும். அதனாலதானே அமுக்கினீங்க."

மறுநாள் முதலாளியிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். பிறகு மாமா முன்பு கொடுத்திருந்த ஜோடிகளையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி, விரித்து விரித்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தின. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. சனிக்கிழமை இன்னொரு தடவை பார்த்தாள்.

அக்கா இரண்டு வாரம் வகுப்புக்குக் கூடவே போய் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம், அந்தத் தும் தும்மைத் தாங்க முடியாமல், நம்பிவிடுவது என்று தீர்மானித்தாள்.

இப்போதெல்லாம் மாமா கட்டையை அறுக்காமல் அப்படியே கொண்டுவருகிறார். பட்டறை ரம்பத்தில், மச்சினி கண்ணெதிரில்தான் அறுப்பு. ஒவ்வொரு ஏடும் விழ விழ, அதில் சாக்பீஸால் எண் போடுகிறவள் அவள்தான்.