ப்ளோரன்ஸுக்கு எத்தனை நாள் லீவு

காலையில் ப்ளோரன்ஸ் நடக்கப் புறப்பட்டால் போதும், அந்தச் சாலையில் போகிற ஆட்டோவெல்லாம் அவள் பக்கத்தில் வந்து நின்றுவிடும். அறுபதை நெருங்கிய பெண்பிள்ளை, காலில் வெள்ளை ஷூ, கையில் பையும் இல்லை, குடையும் இல்லை, கடலோரத்திலிருந்து பாறசாலைப் பக்கமாக விறுவிறுவென்று நடக்கிறாள் என்றால், ஒன்று பஸ்ஸை விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டும். சும்மா நடப்பது என்று ஒன்று அந்த ஊரில் கிடையாது.

"எங்கோட்டு சேச்சி? கேறுங்க, விட்டுத் தாறேன்."

"ஒரிடத்துக்கும் இல்ல மக்கா. சும்மா நடக்கேன்."

"சுகர் உண்டோ?"

"இல்ல."

"பின்ன?"

அந்தப் 'பின்ன'வுக்குப் பதில் சொல்வதென்றால் இருபத்தாறு வருஷக் கதையைச் சொல்ல வேண்டும். ஆட்டோக்காரன் விடுகிறானா? அடுத்த கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருக்கும்.

"லீவு எத்தன நாளு? எப்பம் திரிச்சு போவணும்?"

ப்ளோரன்ஸ் லீவுக்கு வரவில்லை. குவைத்து வேலையை முடித்துக்கொண்டு, பெட்டி படுக்கையோடு ஊர் வந்து சேர்ந்து எட்டு மாசமாகிறது. ஆனால் ஊர் அதை ஒத்துக்கொண்டால்தானே! பள்ளியில் பூசைக்குப் போனால் கேட்பார்கள், மீன் வாங்கப் போனால் கேட்பார்கள், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துவிட்டு டாக்டர் கேட்டார். முதலில் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள், "இனி போவல்ல, முடிச்சு வந்தாச்சு" என்று. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினும்" என்று சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பிறகு அவள் "பாக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அலுப்புதான், வேறென்ன.

இருபத்தாறு வருஷம் அவள் அங்கே நர்ஸாக இருந்தாள். வெளிநாட்டில் இருந்தவள் என்று பேர். அந்த வெளிநாட்டை அவள் பார்த்தது ஆஸ்பத்திரி பஸ்ஸின் கண்ணாடி வழியாகத்தான். ஹாஸ்டல் வாசலில் பஸ் ஏறுவாள், ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவாள். டூட்டி முடிந்தால் அதே பஸ். வார்டுக்குள் நடந்த நடையைச் சேர்த்து வைத்தால் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கலாம், சேர்ந்ததென்னவோ மூட்டுவலிதான். தெருவில் இறங்கி, யாரையும் கேட்காமல், எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரமில்லாமல் அவள் நடந்ததே இல்லை.

வினை தொடங்கியது காரக்கோணத்தில், ஆனந்தபாய் மகன் கல்யாணத்தில். ஆனந்தபாய் அவளோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள், அவளைவிட மூத்தவள், வாய் நிறையச் சிரிப்பவள். பழைய நர்ஸ்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது ப்ளோரன்ஸ் சும்மா இருக்காமல் சொன்னாள்.

"நாம எல்லாரும் சேந்து ஒரிடத்துக்குப் போயி நடந்தா என்ன? ஜோலிக்கு இல்ல. சும்மா நடக்க."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்று சாயங்காலமே வாட்ஸாப்பில் குழு தொடங்கியாயிற்று, அவளையும் சேர்த்து ஆறு பெண்கள். மற்ற ஐந்து பேரும் அவளை நர்சிங் சூப்பர்வைசராகவே பார்த்துப் பழகினவர்கள். எனவே எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது.

இடம் வியட்நாம் என்று முடிவானது. வடக்கே மலைக் கிராமங்கள்; ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு வயல் வரப்பு வழியாக நடக்க வேண்டும்; இரவு அந்தக் கிராமத்துக்காரர்கள் வீட்டிலேயே தங்கல்; அவர்கள் துணிக்கு நீலச்சாயம் போடுவதைப் பார்க்கலாம், சந்தைக்குப் போகலாம், கூட இருந்து சமைக்கலாம். வழிகாட்ட அங்கே ஒரு பெண் இருந்தாள். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: ஆறு பேருக்கு ஓர் ஆள் குறைந்தாலும் இந்த நடை கிடையாது.

ஆறு பேரைச் சேர்த்து வைப்பது தவளைகளைத் தராசில் நிறுக்கிற வேலை. ஒன்றைப் பிடித்து வைத்தால் இன்னொன்று குதிக்கும். அங்கே அட்டைப்பூச்சி உண்டா என்றாள் ஒருத்தி. வெள்ளறடையில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் கேட்கிற கேள்வியா அது! காட்டாக்கடைக்காரி குறட்டை விடுவாள், அவளோடு யார் படுப்பது என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. ஆனந்தபாய்க்கு வேறு கவலை.

"எட்டி ப்ளோரன்ஸு, அவ்வளவு தூரம் போயிட்டு அங்கயும் சோறும் மீனும் கப்பக்கிழங்கும்தானா? அதை எனக்கு காரக்கோணத்திலயே தின்னலாமே."

"அப்பம் நீ வராண்டாம்."

"வராண்டாம்ணு நான் சொன்னேனா? சொல்லிப் பாத்தேன்."

ப்ளோரன்ஸின் மகன் ஜிஜோ இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டான். "நடக்கணும்ணா இங்க வா அம்மா. பிள்ளைய வண்டியில வச்சுத் தள்ளிட்டு எவ்வளவு வேணும்னாலும் நடக்கலாம்." அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

தேதி குறிப்பதுதான் பெரும்பாடு. ஒருத்திக்கு மருமகள் பிரசவம், ஒருத்திக்கு மாமியார் திவசம், ஆனந்தபாய்க்குப் பேரன் ஸ்கூல் பரீட்சை. வெள்ளறடை லேகாவின் புருஷன் மண்டல காலத்தில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். "அந்த நேரம் நான் வீட்டில இல்லண்ணா அவருக்கும் சுகம், எனக்கும் சுகம்" என்றாள் லேகா. எல்லாருடைய தடையையும் கேட்டு, ஒவ்வொன்றாக ஒதுக்கி, நவம்பர் கடைசியில் ஒரு சந்து கண்டுபிடித்தாள் ப்ளோரன்ஸ். டிக்கெட்டும் போட்டாள். அன்று ராத்திரிதான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

எல்லார் வீட்டுக் காரியத்தையும் நினைவில் வைத்தவள் தன் வீட்டுக் காரியத்தை மறந்தாள்.

ப்ளோரன்ஸ் வீட்டாரின் கோயில் பங்கு சவேரியார் பங்கு. ஊர்ப் பெருநாளுக்கு நவம்பர் கடைசியில் கொடியேறினால் பத்தாம் நாள் இறங்கும். கொடி ஏறிவிட்டால் இறங்குகிறவரை அந்தத் துறைக்காரர் யாரும் வெளியூரில் இராத்தங்குவதில்லை. சட்டம் ஒன்றுமில்லை, ஆனாலும் கல்யாணத்துக்குப் போனவன்கூடக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவான். பிறந்த ஊரின் பெருநாளை யாராவது மறப்பார்களா என்று கேட்கலாம். இருபத்தாறு வருஷம் பெருநாள் என்பது அவளுக்குப் போனில் வருகிற போட்டோ. லீவு எப்போதும் கோடையில்தான் கிடைக்கும். இப்போது வியட்நாமுக்குப் போகிற நாள் கொடியேற்று, வருகிற நாள் கொடியிறக்கம். உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

அது அவளுக்குத் தெரிய வந்ததே பள்ளியில் வைத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் பங்குச் சாமியாரான அச்சன் அறிவிப்பு வாசித்தார்: இந்த வருஷப் பெருநாளுக்குப் பிரசுதேந்தி ஜோக்கிமும் ப்ளோரன்ஸும். பெருநாளை நேர்ச்சையாக ஏற்றுக்கொண்டு நடத்துகிறவர்தான் பிரசுதேந்தி. கொடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு, செண்டை மேளத்துக்குப் பின்னால், ஊர் பார்க்க முதல் ஆளாக நடக்க வேண்டியவர். பேர் காதில் விழுந்ததும் ப்ளோரன்ஸ் அடுத்த பக்கம் ஆண்கள் வரிசையில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஜோக்கிம் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்ல காரியம் கேட்டியளா! அப்பம் லீவு நீட்டிக் கிட்டிச்சு, இல்லியா?"

வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடவில்லை. சண்டை போடக் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. மீனைப் பொரித்தாள், சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார், அவளும் சாப்பிட்டாள். ஆனந்தபாய்க்கு மட்டும் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"நீ வரல்லண்ணா நாங்களும் போவல்ல. ஒராளு குறைஞ்சா அவ கூட்டிட்டுப் போவமாட்டாளே" என்றாள் ஆனந்தபாய். அன்று அவள் சிரிக்கவில்லை.

மூன்று நாள் ப்ளோரன்ஸ் நடக்கப் போகவில்லை. ஷூ வாசலில் கிடந்தது. எல்லாரையும் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். எதை விட்டுக்கொடுப்பதும் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை போனை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தாள். இந்த ஒன்று இல்லையென்றால் செத்துப்போகிறவரை அவள் நடந்தது வார்டுக்குள் மட்டும்தான் என்றாகிவிடும்.

நாலாம் நாள் அச்சனைப் பார்க்கப் போனாள். இளவயசு அச்சன். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எனக்கு ஒரு தடையும் இல்ல அம்மா. ரெண்டு பேருல ஒராளு நிண்ணா மதி, அது போரும். சவேரியாரே இந்தக் கடப்புறம் முழுக்க நடந்துட்டு, பின்ன கிழக்க கப்பல் ஏறினவரு அல்லவா? அவருக்கு வருத்தம் இருக்காது." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "ஆனா ஒரு காரியம். நீங்க குவைத்தில இருந்து வந்த மாசமே ஜோக்கிமண்ணன் இங்க வந்து பேரு குடுத்தாரு. ஏன்னு அவருக்கிட்டயே கேளுங்க."

வீட்டுக்கு வந்தபோது ஜோக்கிம் முற்றத்தில் உட்கார்ந்து வலது தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோள் போனபிறகுதான் அவர் கடலுக்குப் போவதை நிறுத்தியது. ப்ளோரன்ஸ் குப்பியை வாங்கித் தானே தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்க பேரைக் குடுக்கும்ப எனக்கிட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா?"

"கேட்டா நீ வேண்டாம்ணு சொல்லுவே."

"பின்ன எதுக்குக் குடுத்திய?"

அவர் தோளை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.

"நீ வந்தது ஊருக்குத் தெரியாண்டாமா? கடப்புறத்துக்குப் போனா, சாயக்கடைக்குப் போனா, எனக்கிட்டயும் கேக்கினும், அவளுக்கு லீவு எத்தன நாளுண்ணு. எத்தன வருஷம் இதுக்குப் பதிலு சொல்லுவேன் நான்? கொடி ஏந்திட்டு நீ முன்னால நடந்தா, பின்ன ஒருத்தனும் கேக்கமாட்டான். அதுக்காக்கும்."

ப்ளோரன்ஸின் கை நின்றுவிட்டது. கோபம் பாதி எங்கேயோ போய்விட்டது. மீதிப் பாதி போகவில்லை.

"நானும் நடக்கணும்ணுதானே கேக்கேன்? அத்தனை வருஷமும் பஸ்ஸுக்க கண்ணாடி வழியா ஒரு நாட்டைப் பாத்துட்டு வந்தவளாக்கும் நான். அதும் யாராருக்கயோ பீஸு, வீடு, கல்யாணம்ணு ஓடினது. எனக்கு மதியாச்சு. யாருக்காவவும் இல்லாம ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் போவணும்."

சொல்லிவிட்டு அவளுக்கே பயமாக இருந்தது. இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதில்லை. போனில் பேசிப் பழகியவர்கள், சுருக்கமாகப் பேசியே பழகிவிட்டார்கள்.

ஜோக்கிம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பம் போயிட்டு வா. கொடியேத்தம் நான் பாத்துக்கிடுதேன். தனியா நிண்ணு எனக்குப் பழக்கம் உண்டு."

குத்திக்காட்டுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கு என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் அவளுக்குத் தாங்கவில்லை. ஜிஜோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அவள் பேருக்கு ஒன்றும் தன் பேருக்கு ஒன்றுமாக ரெண்டு மெழுகுதிரியோடு எல்லாக் கொடியேற்றுக்கும் அவர் நின்றது அவளுக்குத் தெரியும். போட்டோவில் பார்த்திருக்கிறாள். ப்ளோரன்ஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவர் தேற்றவில்லை. பக்கத்தில் இருந்தார்.

பிறகு கேட்டார். "கொடி எறக்கத்துக்கு வருவியா?"

எப்போ வருவே, எப்போ வருவே என்று எத்தனை வருஷம் போனில் கேட்ட மனுஷன். லீவு கிட்டணுமே, பாக்கட்டும் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொன்னதில்லை. இப்போது லீவு கேட்க வேண்டிய ஆள் யாருமில்லை.

"அண்ணைக்குக் காலையில நான் திருவனந்தபுரத்தில இறங்குவேன். கொடி எறங்குயது சாயங்காலம்தானே? வருவேன்" என்றாள்.

புறப்பட்ட அன்று மத்தியானம் ஊர் முழுக்கத் தோரணம். பையன்கள் கம்பத்தில் ஏறி மின்விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோக்கிம் புது வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டு, நல்ல தோளில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ நிற்கிற முக்குவரை வந்தார். ஆனந்தபாய் அதற்குள் ஏர்போர்ட்டிலிருந்து ஏழெட்டுத் தடவை கூப்பிட்டுவிட்டாள்.

முக்கில் சாயக்கடை தங்கையன் எட்டிப் பார்த்தான். கையில் டீ ஆற்றுகிற குவளை.

"சேச்சிக்க லீவு முடிஞ்சாச்சு, இல்லியா? பிரசுதேந்தியே கொடியேத்தத்துக்கு நிக்கல்லியா? இனி அடுத்த வரவு எப்பம்?"

கடையில் இருந்தவர்களும் திரும்பினார்கள். ப்ளோரன்ஸ் வழக்கம்போல 'பாக்கட்டும்' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன் ஜோக்கிம் பையை ஆட்டோவில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எலே தங்கையா, லீவு முடிஞ்சு போவல்ல அவ. இப்பமாக்கும் லீவுக்குப் போறா. கொடி எறங்கும்ப இங்க நிப்பா."

கடைக்குள் மட்டும் கேட்டால் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, கம்பத்தின் மேலிருந்த பையன்களுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

ப்ளோரன்ஸ் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். சரியாகக் கட்டியிருந்த ஷூக் கயிற்றை அவிழ்த்து, குனிந்தபடியே மறுபடியும் கட்டினாள். நிமிர்ந்தால் அத்தனை பேருக்கும் முன்னால் அழுதுவிடுவாள்.